மகளின் எச்-இண்டெக்ஸை 900 வெள்ளி கொடுத்து ஏற்றலாமா?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவர் கேட்கிறார்: என் மகள் கணிதமும் கணினியும் கலந்த துறையில் முனைவர் பட்டம் முடித்து, இங்கே போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) வேலையில் இருக்கிறாள். எச்-இண்டெக்ஸ் 6தான். வேதியியல் படித்த அண்ணன் மகனுக்கு 31. அடுத்த மாதம் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறாள். 900 வெள்ளி கொடுத்தால் இரண்டு ‘ஸ்கோபஸ்’ (ஆய்விதழ்களையும் மேற்கோள்களையும் பட்டியலிடும் தளம்) கட்டுரைகளில் பெயர் சேர்த்து, மேற்கோள்களையும் கூட்டித் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். 200 வெள்ளி முன்பணம் பேநவ்வில் அனுப்பிவிட்டேன். மகளுக்குத் தெரியாது. செய்யலாமா?

வேண்டாம் ஐயா. மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள்.

முதலில் அந்த 6. எச்-இண்டெக்ஸ் என்பது 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. குறைந்தது ஆறு முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் உங்கள் மகளுக்கு ஆறு இருக்கின்றன என்று பொருள், அவ்வளவுதான். அந்த ஆறில் ஒன்றுக்கு 240 மேற்கோள் வந்திருந்தாலும் எண் 6லேயே நிற்கும். அண்ணன் மகனோடு ஒப்பிடவே கூடாது. வேதியியலில் ஒரு கட்டுரைக்கு ஏழெட்டுப் பேர் சேர்ந்து பெயர் போடுவது சாதாரணம். கணிதத்தில் ஒருவரோ இருவரோ எழுதுவார்கள். அதைச் சரிபார்ப்பவர் படித்து முடிக்கவே வருடம் ஓடிவிடும். மேற்கோளும் ஆறஅமரத்தான் வரும்.

இது தெரிந்தும் விண்ணப்பப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம் போட்டு ‘எச்-இண்டெக்ஸ்’ என்று கேட்கிறார்கள். எந்தத் தளத்தின் எண் என்றுகூடக் கேட்பதில்லை! கூகுள் ஸ்காலர் தேடுதளம் முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் போடும் கட்டுரை), ஆய்வேடு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும், ஸ்கோபஸ் எண்ணாது. அதனால் ஒரே ஆளுக்கு அங்கே 9, இங்கே 6 என்று வரும். மகளை எண்ணுக்குப் பக்கத்தில் தளத்தின் பெயரையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் வாட்ஸ்அப் நண்பர். அவர் விற்பது அடுத்தவர் எழுதிய, பல நேரம் யாருமே ஒழுங்காக எழுதாத, கட்டுரையில் ஓர் இடம். முதல் பெயருக்கு ஒரு விலை, மூன்றாம் பெயருக்கு ஒரு விலை. ஸ்கோபஸ் பட்டியலில் இருக்கும் ஆய்விதழைத்தான் காட்டுவார். அதை ஸ்கோபஸ் பிறகு நீக்கிவிட்டால் அவர் தொலைபேசி எண் அணைந்திருக்கும். ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் நம்பத்தகாதவை என்று திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் கணினித் துறைக் கட்டுரைகள் ஏராளம். திரும்பப் பெற்ற கட்டுரை மறைந்துபோகாது. அந்த முத்திரையோடு பெயருக்குக் கீழேயே கிடக்கும். அதே வருடம், மேற்கோள் கணக்குகளை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் அதிக மேற்கோள் பெற்றவர்கள் பட்டியலிலிருந்து கணிதத் துறையையே எடுத்துவிட்டது. சின்னத் துறை என்பதால் நாலு பேர் கூடி மேற்கோள் எண்ணை ஏற்றிவிடுவது சுலபமாகப் போய்விட்டது.

பணம் கேட்டாலே மோசடியா என்றால், இல்லை. இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். எல்லாரும் இலவசமாகப் படிக்கட்டும் என்று வெளியிடும் நல்ல இதழ்களும் கட்டணம் வாங்குகின்றன, சில நேரம் ஆயிரக்கணக்கான வெள்ளி. ஆனால் அது கட்டுரை ஆய்வு முடிந்து ஏற்கப்பட்ட பிறகு, பதிப்பகத்தின் பெயரில் பில்லாக வரும். பல நேரம் பல்கலைக்கழகமே கட்டிவிடும். ஏற்கும் முன்னரே கேட்டால், ‘உறுதி’ என்று சொன்னால், தனி ஆளின் பேநவ் எண் கொடுத்தால், அது வேறு வியாபாரம். கணிதத்தில் கட்டணமே இல்லாத நல்ல இதழ்கள் நிறைய இருக்கின்றன என்பதையும் மறக்காதீர்கள்.

உண்மையில் மகளின் எண் குறைவாகத் தெரிய வேறு காரணம் இருக்கலாம்: நம் பெயர். அடையாள அட்டையில் டி/ஓ (இன்னாரின் மகள்) போட்டு அப்பா பெயர். ஒரு கட்டுரையில் அப்பா பெயர் குடும்பப்பெயராகிவிடும். இன்னொன்றில் இனிஷியல் மட்டும். மூன்றாவதில் அந்த ‘டி’யே நடுப்பெயராகி உட்கார்ந்திருக்கும். கணினிக்கு இவர்கள் மூன்று பேர், மேற்கோள்களும் மூன்றாகப் பிரிந்து கிடக்கும். இப்படிப் பிரிந்த பக்கங்களை ஸ்கோபஸ் தளத்திலேயே கேட்டு ஒன்றாக்கலாம், காசு கிடையாது. ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் (ORCID) என்ற 16 இலக்க எண்ணும் இலவசம். இதைச் செய்துதரவும் ஏஜெண்டுகள் வெள்ளி கேட்பார்கள், ஜாக்கிரதை. ஸ்காலர் பக்கத்தில் அதே பெயருள்ள வேறு யாரோ எழுதிய நெல் சாகுபடிக் கட்டுரை வந்து ஒட்டியிருந்தால் அதையும் நீக்கச் சொல்லுங்கள். நேர்காணலில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அப்புறம் அந்த 200 வெள்ளி. வங்கியை இன்றே கூப்பிடுங்கள். மோசடி ஆலோசனைக்கு 1799 இருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மகளின் பெயரையோ கட்டுரை எதையுமோ கொடுத்திருந்தால், அதை மகளிடம் இன்று இரவே சொல்லிவிடுங்கள்.