சூப்பர் ஹீரோ படங்களில் துணை நடிகர்கள் ஏன் மாறிவிடுகிறார்கள்?

கிருஷ்ணகிரியில் 'அயர்ன் மேன்' படத்தின் முதல் இரண்டு பாகங்களையும் தமிழ் மொழிமாற்றத்தில் அடுத்தடுத்துப் பார்த்ததாகவும், கதாநாயகனின் நண்பர் ரோட்ஸ் இரண்டாம் பாகத்தில் வேறு முகத்துடன் வருவது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் சம்பளம்தான் காரணம். பல படங்களுக்குச் சேர்த்து முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டிருந்தாலும், முதல் படம் வெற்றி பெற்றதும் அதன் புகழ் கதாநாயகனின் கணக்கில் சேர்ந்துவிடுவதால், துணைப் பாத்திரத்துக்கு இன்னொருவரைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தயாரிப்புத் தரப்பு துணிந்துவிடுகிறது. 2008-இல் ரோட்ஸாக நடித்த டெரன்ஸ் ஹோவர்ட், அடுத்த பாகத்துக்குப் பேசியிருந்த தொகையில் எட்டில் ஒரு பங்கே தர முன்வந்தார்கள் என்று பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். 2010-இல் அந்த இடத்துக்கு டான் சீடில் வந்தார்.

2011-இல் 'கேப்டன் அமெரிக்கா' படத்தில் சிவந்த மண்டையோட்டு முகம் கொண்ட வில்லன் ரெட் ஸ்கல்லாக வேடமிட்ட ஹ்யூகோ வீவிங்கும், மீண்டும் அவ்வேடத்தில் வராததற்கு ஊதியப் பேச்சு ஒத்துவராததையே காரணமாகக் கூறியிருக்கிறார். 2018-இல் ராஸ் மார்க்குவாண்ட் அவ்வேடத்தை ஏற்றபோது என் நண்பர்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. தருமபுரிப் பக்கத்துத் தெருக்கூத்தில் கிரீடமும் அரிதாரமும் ஏறிய பின் துரியோதனனாக ஆடுபவர் யாரென்று அடையாளம் தெரியாமல் போவதுண்டல்லவா? முகம் மறையும் வேடங்களில் நடிகரின் பேரம் பேசும் வலிமையும் மறைந்துவிடுகிறது என்பது என் கணிப்பு.

கால்ஷீட் சிக்கலும் உண்டு. 'தோர்' படத்தில் கதாநாயகனின் தோழரான ஃபேண்ட்ரல் வேடம் முதலில் சக்கரி லெவிக்குப் பேசப்பட்டு, அவருடைய தொலைக்காட்சித் தொடர் குறுக்கிட்டதால் ஜோஷ் டாலஸிடம் சென்றது. பிறகு டாலஸும் ஒரு தொடரில் சிக்கிக்கொள்ள, 2013-இல் வந்த இரண்டாம் பாகத்தில் லெவியிடமே திரும்பிவந்தது.