கண் எங்கே நிற்க வேண்டும்? பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் கேள்வி பதில்

பல வருடங்களாக ஏர் ரைஃபிள் பயிற்சி கொடுக்கிறேன். இன்று கண், சைட் (குறி பார்க்க ரைஃபிளின் முன்னும் பின்னும் உள்ள பாகங்கள்), குறி பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில்.

ஃப்ரண்ட் சைட்டைப் பார்த்தால் டார்கெட் மங்குகிறது, டார்கெட்டைப் பார்த்தால் சைட் மங்குகிறது. எதைப் பார்ப்பது சார்?

முன் சைட்டுக்குள் இருக்கும் வளையத்தை. டார்கெட் அட்டையின் கறுப்பு வட்டம் லேசாக மங்கட்டும், பரவாயில்லை. வளையம் கண்ணிலிருந்து சுமார் ஒரு மீட்டரில் இருக்கிறது, அட்டை பத்து மீட்டரில். கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பிடிக்கும். மங்கிய வட்டமும் வட்டம்தான். எல்லாப் பக்கமும் ஒரே அளவு மங்குவதால் அதன் நடு எங்கும் போய்விடாது. வளையத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே தெரியும் வெள்ளை, சுற்றிலும் ஒரே அகலமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சைட் இரண்டுக்கும் இடையே 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன் வளையம் 0.1 மி.மீ. விலகினால், பத்து மீட்டரில் பெல்லட் (சிறு குண்டு) ஏறத்தாழ 1.25 மி.மீ. தள்ளிப் போகும். அட்டையில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 2.5 மி.மீ.தான் இடைவெளி. ஒரு தலைமுடி அளவு விலகலுக்கு அரைப் புள்ளி போய்விடும்.

பின் சைட்டின் துளையைப் பார்க்கவே வேண்டாம். கன்னம் எப்போதும் ரைஃபிள் கட்டையின் ஒரே இடத்தில் படிந்தால், துளையின் நடுவைக் கண் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு கண்ணை மூடலாமா?

மூடாதீர்கள். ஒரு கண்ணை இறுக்கினால் சுடும் கண்ணின் தசையும் சேர்ந்து இறுகும். கறுப்பு மறைப்பும் வேண்டாம்; ஒரு கண் இருட்டானால் மற்றக் கண்ணின் பாவையும் விரியும். வெள்ளையாக, வெளிச்சம் ஊடுருவுகிற மறைப்பு போடுங்கள். போட்டியில் அதன் அகலம் 30 மி.மீ. வரைதான் அனுமதி.

வளையம் சின்னதாக இருந்தால் துல்லியம் கூடும்தானே அண்ணா?

இல்லை தம்பி. வெள்ளை மெல்லிய கோடாகிவிட்டால், வட்டம் கொஞ்சம் அசைந்தாலே மனம் பதறும், விரல் விசையை வெட்டி இழுக்கும். வெள்ளை தாராளமாகத் தெரியும்படி வளையத்தை எடுங்கள்.

இளவேனில் மாதிரி சுடுகிறவர்கள் குறியை எவ்வளவு நேரம் பிடிப்பார்கள்?

கடலூரில் பிறந்த பெண் உலக அரங்கில் நின்று சுடுவதைப் பார்க்க எனக்கும் பெருமைதான். அவர் எத்தனை நொடி பிடிக்கிறார் என்று நான் அளந்ததில்லை. என் மாணவர்களுக்குச் சொல்வது இது: குறியில் நின்றபின் எட்டு நொடிக்குள் போகாத ஷாட்டைச் சுடாதீர்கள், ரைஃபிளை இறக்குங்கள். அதற்கு மேல் முறைத்தால், கண் பழைய பிம்பத்தையே காட்டிக்கொண்டிருக்கும். குறி நகர்ந்தது தெரியாது. தகுதிச் சுற்றில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம். ஒரு ஷாட்டுக்கு ஒன்றேகால் நிமிடம் இருக்கிறது, இறக்க நேரம் இல்லை என்ற பேச்சே வேண்டாம்.

ஸ்கோப்பில் (ரைஃபிள் மேல் பொருத்தும் தொலைநோக்கி) எதைப் பார்ப்பது?

ஸ்கோப்பைச் சரியாக அட்ஜஸ்ட் செய்தால் குறுக்குக் கோடும் டார்கெட்டும் சேர்ந்தே தெளிவாகத் தெரியும். இந்தச் சிக்கலே வராது.

நான் போட்டோகிராஃபர். சின்னத் துளை வழியாகப் பார்த்தால் கிட்டவும் தூரமும் சேர்ந்து தெளிவாகுமே? அப்படியென்றால் டார்கெட்டையே பார்க்கலாம் இல்லையா?

நல்ல கேள்வி. துளை பற்றிச் சொன்னது சரி. பின் சைட்டின் சிறு துளையால்தான் ரைஃபிளில் இரண்டும் ஓரளவு தெளிவாகத் தெரிகின்றன. டயாப்டர் என்பது லென்ஸ் பவரின் அளவு, ஒன்றை மீட்டர் தூரத்தால் வகுத்தால் வருவது. ஒரு மீட்டருக்கு 1 டயாப்டர், பத்து மீட்டருக்கு 0.1, நடுவில் 0.55, அதாவது சுமார் 1.8 மீட்டர். லென்ஸ் கணக்குப்படி கண் நிற்க வேண்டியது வளையத்துக்குக் கொஞ்சம் அப்பால்.

ஆனால் கவனம் எங்கே இருக்கிறது என்பது வேறு விஷயம். போன மாதம் ஒரு மாணவியின் ஆள்காட்டி விரலைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வளையத்தில் கவனம் இருந்தவரை நகக்கண் மெல்ல மெல்ல வெளுத்தது, அதாவது விசையைச் சீராக அழுத்தினாள். அட்டையைப் பார்க்கச் சொன்னதும், வட்டம் நடுவுக்கு வரும் ஒவ்வொரு முறையும் விரல் துடித்தது. டார்கெட்டைப் பார்ப்பவர் அதைத் துரத்துவார்.

(அவரே மறுபடி) அது பயிற்சிக் குறை. கண்ணின் குறை இல்லையே?

இரண்டையும் பிரிக்க முடியாது என்பதுதான் என் வாதம். இதற்குள் ஒரு பிஸ்டல்காரர், “எங்களுக்குத் துளையே கிடையாது, முன் சைட் மங்கினால் அவ்வளவுதான்” என்று சேர்ந்துகொண்டார். அவர் சொல்வது முழுக்கச் சரி. போட்டோகிராஃபர் சார், வளையத்தைப் பார்த்துப் பத்து ஷாட், அட்டையைப் பார்த்துப் பத்து ஷாட், இப்படி மாற்றி மாற்றி ஐந்து நாள் சுடுங்கள். அட்டைகளோடு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

ஒரு கண்ணை மூடிச் சுட்டால்தான் எனக்கு வசதி. தப்பா?

மேலே சொல்லியாயிற்று. மூடாதீர்கள்.

எந்த ரைஃபிள் வாங்கலாம்?

கடையில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கிளப் ரைஃபிளில் ஆறு மாதம் சுடுங்கள்.

வயது 47. வளையமே மங்குகிறது. என்ன செய்வது?

படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுடாதீர்கள், டார்கெட் காணாமல் போய்விடும். கண் பரிசோதகரிடம், தூரப்பார்வைக்கான பவரோடு +0.50 சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள்; ரைஃபிளுக்குப் பெரும்பாலும் அது பொருந்தும். முடிந்தால் முன் சைட் தூரத்தை அளந்து எழுதி எடுத்துப் போங்கள்.

எட்டு நொடி தாண்டினால் என்ன, பத்துப் புள்ளி விழுகிறதே?

விழும். பத்தாவது ஷாட்டில் விழும், நாற்பதாவதில் கண் கலங்கும். இறக்குங்கள்.