கன்று வாங்கும்போது ஒட்டைப் பாருங்கள்

கேள்வி: யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்களுக்குச் சின்ன வளவு. கறுத்தக்கொழும்பான் மா ஒன்றும் தேசி (எலுமிச்சை) ஒன்றும் வைக்க ஆசை. கன்று விற்கும் இடத்தில் ஆள் உயர ஒட்டு மாங்கன்று காயோடு நிற்கிறது. பக்கத்திலேயே முழங்கால் உயரக் கன்றுகள் பாதி விலைக்கு இருக்கின்றன. எதை வாங்கலாம்?

பதில்: முழங்கால் உயரக் கன்றை வாங்குங்கள். பையிலேயே காய்த்து நிற்பதைக் கண்டால் யாருக்கும் மனம் போகத்தான் செய்யும். ஆனால் காய்த்த மரத்தின் கொப்பை எடுத்து ஒட்டியிருப்பதால் சின்னக் கன்றிலும் பூ வரும். அது வலுவான கன்று என்பதற்கு அடையாளம் இல்லை. நட்ட முதல் இரண்டு வருடமும் பூவைக் கிள்ளிவிடத்தான் வேண்டும், பிறகேன் காய்க்குக் காசு? நெடுநாள் பையில் நின்ற கன்றின் வேர் அடியில் வட்டமாகச் சுருண்டிருக்கும், நிலத்தில் வைத்தாலும் இலேசில் விரியாது. பையைத் தூக்கிப் பாருங்கள். தடித்த வேர் பையைக் கிழித்துக் கீழே மண்ணில் இறங்கியிருந்தால், தூக்கும்போதே அது அறுந்துபோகும். அந்தக் கன்று வேண்டாம்.

அப்புறம் ஒட்டு. தண்டை விரலால் தடவிப் பாருங்கள். வெட்டின் தடம் தெரிய வேண்டும், ஆனால் இரண்டு பகுதியும் ஒன்றாக இறுகியிருக்க வேண்டும். இடைவெளி, கறுத்த புள்ளி, பிசின் கசிவு இருந்தால் விட்டுவிடுங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது அடிக்கன்றின் துளிர், அதை வளரவிட்டால் மேலே ஒட்டிய கறுத்தக்கொழும்பானை அது அமுக்கிவிடும். வீட்டில் வைத்த பிறகும் கண்டவுடன் கிள்ளுங்கள். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலேயே நிற்கட்டும்.

தேசிக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. தேசி விதையில் முளைக்கும் கன்றுகள் பெரும்பாலும் தாய் மரத்தின் குணத்தோடேயே வரும். நன்றாகக் காய்க்கும் மரத்தின் விதைக் கன்று அயலில் கிடைத்தால் அதுவே போதும்.

மாரி மழை தொடங்கியதும் வையுங்கள். குழி தோண்டும்போது கல் தட்டுப்பட்டால் இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: ஒட்டு மாங்கன்று என்று சொல்லி விற்றார்கள். வீட்டில் வந்து வடிவாகப் பார்த்தால் ஒட்டின் தடமே இல்லை. திருப்பிக் கேட்டால் கன்றுக்கு உத்தரவாதம் இல்லையாம். பற்றுச்சீட்டில் ‘மாங்கன்று’ என்று மட்டும் இருக்கிறது.

பதில்: கன்று பட்டுப்போனதற்குக் கடையைக் கேட்பது வேறு. ஒன்றைச் சொல்லி இன்னொன்றைத் தருவது வேறு, அதற்கு ‘உத்தரவாதம் இல்லை’ என்பது பதிலாகாது. தண்டின் அடியைக் கிட்டவாகப் படம் எடுத்துவைத்து, இன்னொருமுறை கடையில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும், ஆகவே அடுத்த பூக்காலம் வரை பார்த்திருக்க வேண்டாம். விசாரிக்க 1977 என்ற தொலைபேசி இலக்கம். பற்றுச்சீட்டு தெளிவில்லாததால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனம்தான். இனி எங்கே வாங்கினாலும் இனத்தின் பெயரையும் ‘ஒட்டு’ என்பதையும் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். எழுதத் தயங்கும் இடத்தில் காசைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: தேசியில் இளம் இலை மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. கடையில் யூரியா போடச் சொல்கிறார்கள். வாங்கவா?

பதில்: வேண்டாம். யூரியாவில் உள்ள தழைச்சத்துக் குறைந்தால் முதலில் முதிர்ந்த இலைதான் வெளுக்கும். நீங்கள் சொல்வது இரும்புச்சத்துக் குறைபாடு போல இருக்கிறது. எங்கள் மண்ணில் சுண்ணாம்பு அதிகம், இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இலையில் தெளிக்கும் இரும்புச்சத்துப் பசளை கேளுங்கள். அடியில் குழையும் மக்கிய எருவும் போட்டு, தண்ணீர் தேங்காமல் பாருங்கள். வாங்குமுன் ஒரு கொப்பைப் படம் எடுத்துக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அழையுங்கள்.