சிங்கப்பூரில் வேலையையும் விடாமல் பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்க முடியுமா?

முடியும். எங்கள் வீட்டில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பொதுவாக நான் இந்தக் கேள்வி பதில் பக்கத்தில் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் போகிற ஆள், எழுதுவது குறைவு. ஆனால் இதே கேள்விக்கு மேலே ஒருவர், “வேலையை விட மனமில்லாத அம்மாக்கள் பேசாமல் பிள்ளையைப் பள்ளியில் போட்டுவிட வேண்டியதுதான்” என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்பா வேலையை விடுவதைப் பற்றி மூச்சே விடவில்லை. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

உங்களுக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவன் அடுத்த ஆண்டு தொடக்கநிலை 1, உங்களுக்குப் பகுதிநேர வேலை, பணிப்பெண் இல்லை, மாமியாருக்கு இந்த யோசனையே பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படிப்பு, வீட்டு வேலை, மாமியார் மூன்றையும் எப்படிச் சமாளிப்பது என்பது உங்கள் கேள்வி. உங்கள் வீட்டிலும் சமையல் முழுக்க உங்கள் தலையில்தான் என்று ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் நீங்கள் பாக்கியசாலி.

முதலில் சட்டம். கட்டாயக் கல்விச் சட்டம் 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. இங்கே வசிக்கும், 6 வயதைத் தாண்டிய, 15 வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது பொருந்தும். நீங்கள் குடிமக்களா நிரந்தரவாசிகளா என்று சொல்லவில்லை. நிரந்தரவாசி என்றால் இந்தச் சட்டம் உங்கள் மகனைக் கட்டுப்படுத்தாது. குடிமகன் என்றால் கல்வி அமைச்சிடம் விதிவிலக்கு கேட்க வேண்டும். பாடத்திட்டம், சொல்லித்தருபவரின் கல்வித் தகுதி, நற்குணத்துக்கும் குடியியலுக்கும் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கை. அதிகாரிகள் வீட்டுக்கு வந்தும் பார்ப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, எங்களிடம் வந்தவர் மரியாதையாகப் பேசிவிட்டுத்தான் போனார். எல்லோரும் இந்தக் காகித வேலையைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். உண்மையில் அதுதான் சுலபமான பகுதி.

செலவு மிச்சமாகும் என்று மட்டும் இதில் இறங்காதீர்கள். குடிமக்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியில் கல்விக் கட்டணமே கிடையாது. இதரக் கட்டணம் மாதம் 13 வெள்ளிக்குள் முடிந்துவிடும். வீட்டில் அந்தக் காசு ஒரு பயிற்சிப் புத்தகத்துக்கே சரியாகப் போய்விடும்.

நாங்கள் ஏன் செய்தோம் என்றால், காரணம் கல்வித் தத்துவம் எதுவும் இல்லை. என் கணவருக்கு ஷிப்ட் வேலை, பெரும்பாலும் மதியம் போனால் நள்ளிரவுதான். பையன் காலையில் ஏழரைக்குள் பள்ளியில் இருக்க வேண்டும், மதியம் அவன் வீடு திரும்பும்போது அப்பா கிளம்பியிருப்பார். வாரத்தில் ஒரு நாள் பார்த்துக்கொள்ளும் அப்பாவும் மகனுமாகப் பத்து வருடம் ஓடிவிடும் என்று தெரிந்தது. வேலையை மாற்றலாமே என்று கேட்பீர்கள். ஷிப்ட் அலவன்ஸ் இல்லாமல் வீட்டுக் கடன் யார் கட்டுவது? எல்லோரும் கேட்டார்கள், எல்லோருக்கும் இதைத்தான் சொன்னேன்.

ஆகவே எங்கள் ஏற்பாடு இப்படி. காலையில் அப்பா கணக்கும் அறிவியலும் சொல்லித்தருவார். அந்த நேரத்தில் நான் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் வேலையைப் பார்ப்பேன். சில சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதும் வேலை. மதியத்துக்கு மேல் ஆங்கிலமும் தமிழும் என் பொறுப்பு. இதனால்தான் அந்த ஒருவரிப் பதில்காரர் மேல் எனக்குக் கோபம். வேலைக்குப் போகும் அம்மாவால் முடியாது என்பவர்கள் எல்லோரும், வீட்டில் ஒரு அப்பா இருக்கிறார் என்பதையே கணக்கில் சேர்ப்பதில்லை.

கணக்குப் பாடத்துக்கு என் வேலையே நிறைய உதவியது. கடைகளுக்கு வரும் ரசீதுகளை அவனிடம் கொடுப்பேன். பொருள் சேவை வரி 2023இல் 7லிருந்து 8 விழுக்காடு ஆனது, 2024இல் 9 ஆனது. பழைய ரசீது, புதிய ரசீது இரண்டையும் வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னேன். வரியோடு சேர்த்து 109 வெள்ளி என்று போட்ட ரசீதில் வரி எவ்வளவு என்று கேட்டால், முதலில் 109ஐ 9ஆல் பெருக்கி 100ஆல் வகுத்து 9 வெள்ளி 81 காசு என்பான். பெரியவர்களே அப்படித்தான் சொல்வார்கள், சந்தேகமிருந்தால் உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். 109 என்பதில் 100 பொருளின் விலை, 9 வரி என்று அவனாகக் கண்டுபிடித்த அன்று, அப்பாவுக்குப் போன் போட்டு ஷிப்ட் நடுவில் சொன்னான். அதிலிருந்து விழுக்காடு அவனுக்குப் பயமில்லை.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்க வந்த வீட்டு வேலை. இதற்கு ஒரே பதில்தான் என்னிடம் இருக்கிறது: எதைச் செய்யப் போவதில்லை என்று முதலில் முடிவு செய்யுங்கள். நேர அட்டவணை, வண்ண வண்ணத் தாள் எல்லாம் அப்புறம். நான் இஸ்திரி போடுவதை நிறுத்தினேன். கணவரின் சட்டையைக் கணவரே போட்டுக்கொள்கிறார். தினமும் தரை துடைப்பதை வாரம் ஒருமுறை ஆக்கினேன். இட்லி மாவு அரைப்பதில்லை, தேக்கா சந்தையில் பாக்கெட்டில் வாங்குகிறேன். வாரத்தில் சில நாள் இரவுச் சாப்பாடு பக்கத்து உணவங்காடி நிலையத்தில் தாப்பாவ், அதாவது பொட்டலம் கட்டி வாங்கி வருவது. எங்களுடையது மூவறை வீடு, பணிப்பெண்ணுக்கு இடமில்லை. பணிப்பெண் வைத்தால் அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை சலுகையில் மாதம் 60 வெள்ளிதானே என்று தோழி சொன்னாள். தீர்வை மட்டுமா செலவு, சம்பளத்தை யார் கொடுப்பது?

பையனுக்கும் வேலை உண்டு. அரிசி களைந்து குக்கரில் வைப்பது, துணி காயப்போடுவது, குப்பைப் பையைக் கட்டிக் கொட்டுவது. “பிள்ளையை வேலைக்காரன் ஆக்கிவிட்டாள்” என்று யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள். சோறு வைக்கத் தெரிந்த பையனால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும். வீட்டில் இருக்கிறோம் என்று தெரிந்தால் போதும், நம் வீடு அஞ்சலகம் ஆகிவிடும். எங்கள் மாடியில் பாதிப் பேர் இணையத்தில் எது வாங்கினாலும், “ஆளில்லையென்றால் பக்கத்து வீட்டில் கொடுக்கவும்” என்று என் கதவு எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு நான் போய் யாருடைய ஷூவையோ, பூனைத் தீனியையோ வாங்கி வைக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு வந்து கேட்பார்கள், இடையில் ஒரு பொட்டலம் நசுங்கியிருந்தால் என்னைப் பார்க்கிற பார்வை! ஒருவர் தம் வாஷிங் மெஷினுக்கே என் வீட்டு எண்ணைக் கொடுத்திருந்தார். அது லிஃப்ட் அருகில் ஒரு நாள் முழுக்க நின்றது, நகர மன்றத்துக்குப் புகார் போய்விடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். என் பொருளா அது? வீட்டிலிருந்து வேலை செய்வதும் ஒரு வேலை என்பதை நம் ஆட்களுக்கு எப்போது புரியவைப்பதோ தெரியவில்லை. இப்போது கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். அதையும் யாரோ கிழித்துவிட்டார்கள்.

சரி, படிப்புக்கு வருகிறேன். தமிழ்தான் எனக்குச் சுலபம் என்று நினைப்பீர்கள். பேச்சைப் பொறுத்தவரை சுலபம்தான். இங்கே பல தமிழ் வீடுகளில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்க, பெற்றோர் தமிழில் பதில் சொல்வது பழகிவிட்டது. எங்கள் வீட்டில் நாள் முழுக்கக் காதில் விழுவது தமிழ் என்பதால் அவன் தடையில்லாமல் பேசுகிறான். பெருமைதான், மறைக்கவில்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தாய்மொழி வாய்மொழித் தேர்வில் 2017 முதல் ஒரு சிறு காணொளியைக் காட்டி அதைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரோடு அப்படிப் பேசிப் பழக வேண்டும் என்று, அவனைச் சந்தைக்கு அனுப்பிக் கடைக்காரரிடம் பேரம் பேச வைத்தேன். வீட்டில் அம்மாவோடு பேசுவதைப் பயிற்சி என்று நம்பிவிடாதீர்கள். அம்மாவுக்குப் பாதி வாக்கியத்திலேயே புரிந்துவிடும்.

கட்டுரைதான் சிரமம். ஒரு துணைப்பாட நிலையத்தில் சேர்க்கப் போனேன். விண்ணப்பத்தில் பள்ளியின் பெயர் கேட்டார்கள். வீட்டில் படிக்கிறான் என்றேன். பள்ளிப் பெயர் இல்லாமல் பதிய முடியாதாம். “அப்படியென்றால் ஏதாவது ஒரு பள்ளியைப் போடுங்களேன்” என்று அந்தப் பெண்ணே சொன்னார். பொய் எழுதிச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் பக்கத்து புளோக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் வாரம் ஒரு முறை வரச் சொன்னார். மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், நாளிதழில் எங்கே வருகிறது என்று தேடிப்பிடிக்கச் சொல்வார். தமிழ் முரசை அவன் தினமும் புரட்டுவது அதற்காகத்தான். விளையாட்டுப் பக்கத்தில் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறான் என்பது வேறு.

நண்பர்கள் இருக்கிறார்களா என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்களும் கேட்பீர்கள். இருக்கிறார்கள். புளோக்கின் கீழ்த்தளத் திறந்தவெளியான வாய்ட் டெக்கில் மாலை பந்து உதைக்கும் பையன்கள், நீச்சல் வகுப்புப் பையன்கள். அவர்கள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் இவன் தனியாள் என்பதும் உண்மை. அந்த நேரத்தில்தான் நாங்கள் வெளியே போவோம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தேசிய அரும்பொருளகங்களில் 2013 முதல் அனுமதி இலவசம். கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்தை வார நாள் காலையில் பார்த்தால் ஒவ்வொன்றின் முன்னாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். சுங்கை புலோ சதுப்புநிலக் காப்பகத்தில் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும். சேற்றுமீன் ஊர்வதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு சதுப்புநிலப் பாடத்தை நாங்கள் நடத்தவே வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் எழுதுவதால் நான் பள்ளிக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். என் மகள் பள்ளிக்குத்தான் போகிறாள். அவளையும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்செடுத்தபோது, “எனக்கு யூனிஃபார்ம் வேணும்” என்று அழுதாள். சரி போ என்று விட்டுவிட்டோம். காலை ஐந்தரைக்கு அவளே எழுந்து தலை வாரிக்கொண்டு நிற்கிறாள். அப்படியானால் அவள் அப்பாவைப் பார்ப்பதில்லையே, உன் வாதம் என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், குறைவாகத்தான் பார்க்கிறாள். விடுமுறை நாளில் அவர் அவளோடு மட்டும் வெளியே போகிறார். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே ஏற்பாடு பொருந்த வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

நீங்கள் முடிவெடுக்கும் முன் இதை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளையும் ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி நான்கிலும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதியாக வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. அந்த ஆண்டு நான்கு பாடங்களையும் வழக்கமான நிலையில் எழுதும் எல்லா மாணவர்களோடும் ஒப்பிட்டு, 33ஆவது சதமானத்தை எட்ட வேண்டும். அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளைத் தாண்டியிருக்க வேண்டும். நாட்டைப் பற்றிக் கேட்கும் தேசியக் கல்வி வினாடி வினா ஒன்றும் உண்டு. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இந்தக் கோடு கிடையாது, மதிப்பெண் குறைந்தாலும் பெரும்பாலும் அதற்கேற்ற பிரிவில் உயர்நிலைக்குப் போய்விடுவான். பள்ளிகளில் தொடக்கநிலை 1, 2க்குத் தேர்வுகளை நீக்கிவிட்டார்கள், அரையாண்டுத் தேர்வையும் 2023க்குள் எல்லா நிலைகளிலும் நீக்கிவிட்டார்கள். எங்களுக்கு அந்தக் கோடு அப்படியேதான் இருக்கிறது. எங்கள் பையன் இப்போது தொடக்கநிலை 5 பாடங்களில் இருக்கிறான், அடுத்த ஆண்டு தேர்வு. சுதந்திரமாக வளர்க்கிறேன் என்று பெருமை பேசும் தாய்மார்கள் சிலரை எனக்குத் தெரியும், அவர்கள் வீட்டு மேசையிலும் பழைய வினாத்தாள்கள்தான் அடுக்கிக் கிடக்கின்றன. என் வீட்டிலும்தான். இந்தத் தேர்வே வேண்டாம் என்பதற்காக வீட்டுக் கல்விக்கு வருகிறீர்கள் என்றால், தயவுசெய்து வராதீர்கள்.

மாமியார் விஷயம். என் மாமியார் ஈசூனில் இருக்கிறார், இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. காலையில் போன் போட்டுப் பையனிடம் வாய்ப்பாடு கேட்பார். அவன் சரியாகச் சொன்னால் அப்பா சொல்லிக்கொடுத்தது, தடுமாறினால் அம்மா வேலை வேலை என்று இருப்பதன் விளைவு. உங்கள் மாமியாரிடம் நீங்கள் போய் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். அவர் பெற்ற பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள், நீங்கள் அப்போது அந்த அறையிலேயே இருக்காதீர்கள். அப்போதும் அவர் சம்மதிக்கமாட்டார், ஆனால் திட்டில் பாதியாவது மகனுக்குப் போகும்.