மாம்பழச்சிட்டு மாம்பழம் தின்னுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மூன்று ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். பெங்களூரா, நீலம் ஆகிய மா ரகங்கள் உள்ளன. முற்றி வரும் காய்களில் ஊசி குத்தியதுபோல் புள்ளி விழுகிறது. அறுத்தால் உள்ளே புழு. மரங்களில் மஞ்சள் நிறச் சிறு குருவிகள் திரிகின்றன. 'அது மாம்பழச்சிட்டு' என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். இவைதான் கொத்துகின்றனவா? வலை கட்டிப் பிடித்துவிடலாமா?

பதில்: வலையை எடுத்து வைத்துவிடுங்கள் ஐயா. பெயரைக் கேட்டு நீங்கள் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பெயர் அதன் நிறத்துக்கு வைத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வயிறும் தொண்டையும் நன்றாகப் பழுத்த மாம்பழத்தின் மஞ்சள். அதன் தீனி பழமல்ல, பூச்சியும் புழுவும் சிலந்தியும்தான்.

அது சிட்டுக்குருவி அளவே இருக்கும். இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் தெரியும். இனப்பெருக்கக் காலத்தில் நம் பக்கத்து ஆணுக்குத் தலையும் முதுகும் கறுத்துவிடும். பெட்டை பச்சை கலந்த மஞ்சள். இதே மஞ்சளும் கறுப்புமாக மைனா அளவில் ஒரு பறவையைப் பார்த்தால் அது மாங்குயில். அது பழமும் தின்னும். இரண்டையும் ஒன்றாக நினைத்துச் சிட்டின்மேல் பழி போடுகிறவர்கள் உண்டு.

காலை ஏழு மணி வாக்கில் ஒரு மரத்தடியில் பத்து நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். முதலில் நீண்ட சீழ்க்கை ஒன்று கேட்கும். இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் சட்டென்று இறங்கும். பிறகுதான் ஆள் கண்ணில் படும். கொப்பு நுனியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இலையின் அடிப்பக்கத்தை எட்டிப் பார்க்கும். அங்கே ஒட்டியிருக்கும் புழுவை எடுத்துக்கொண்டு அடுத்த கொப்புக்குத் தாவும். தரைக்கு இறங்குவது அபூர்வம். சோடி சேரும் காலத்தில் ஆண் குருவி மேலே எம்பி, முதுகு இறகையெல்லாம் உப்பிக்கொண்டு, பஞ்சுருண்டைபோலச் சுழன்று இறங்கும். நான் அதைப் பார்த்தால் வந்த வேலையை மறந்து நின்றுவிடுவேன்.

சரி, உங்கள் காய்க்கு வருகிறேன். குருவி கொத்தினால் தோல் கிழிந்து சதை பிய்ந்திருக்கும். ஊசித்துளையும் உள்ளே புழுவும் என்றால் அது பழ ஈயின் வேலை. பெண் ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. புழு சதையைத் தின்று வளர்கிறது, பழம் உதிர்ந்ததும் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிறது. நீலம் கடைசியில் அறுவடைக்கு வருவதால் பெருகிய ஈயெல்லாம் அதில்தான் வந்து விழும். மாம்பழச்சிட்டு இந்த ஈயை ஒழித்துவிடும் என்று சொன்னால் அது பொய். அது இலையிலும் கொப்பிலும் உள்ள புழுக்களைக் குறைக்கும், அவ்வளவே. ஈக்கு நீங்கள்தான் வேலை செய்ய வேண்டும்.

உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி இரண்டடி ஆழக் குழியில் போட்டு மூடுங்கள். வரப்போரம் வீசிவிட்டால் அடுத்த தலைமுறை ஈயை நீங்களே வளர்ப்பதாகும். வாசனையால் பழ ஈயை இழுத்துப் பிடிக்கும் மெத்தில் யூஜினால் பொறியை ஏக்கருக்கு 10 என்ற கணக்கில் கட்டுங்கள். இது ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும். அதனால் காய் முற்றுமுன்பே கட்டினால்தான் பலன். அடுத்த ஆண்டு இன்னும் முன்னதாகத் தொடங்குங்கள். அறுவடை முடிந்ததும் மரத்தடி மண்ணைக் கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் எறும்பிலும் மாளும். அறுவடை நெருங்கும் நேரத்தில் பூச்சிமருந்தை அள்ளித் தெளிக்க வேண்டாம். பழத்தில் நஞ்சு தங்கும். சிட்டின் தீனியும் போய்விடும்.

இன்னொன்று, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பறவையைப் பிடிப்பது குற்றம்.

அறுவடைக்குப் பின் கவாத்து செய்யும்போது ஆட்களிடம் சொல்லி வையுங்கள். கிளைக் கவட்டில் சிலந்தி நூலால் வெளிப்புறம் மழமழவென்று பூசியதுபோல ஒரு சின்னக் கிண்ணம் தென்பட்டால் அது இந்தச் சிட்டின் கூடு. இரண்டு மூன்று முட்டை இருக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். அந்த ஒரு கிளையை மட்டும் ஒரு மாதம் கழித்து வெட்டிக்கொள்ளலாம்.