ஆணை எங்கே?

கருத்துரிமை, தணிக்கை பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

புத்தகக் கண்காட்சியில் எங்கள் கடைக்கு வந்த இருவர், “இது தடை செய்த புத்தகம், எடுத்து உள்ளே வையுங்கள்” என்றார்கள். ஒருவர் காக்கி உடையில் இருந்தார். எடுத்துவிட்டோம். வேறு வழி இருந்ததா?
– பதிப்பாளர், மஞ்சக்குப்பம்

இருந்தது. “அரசிதழ் எண் என்ன, தேதி என்ன?” என்று கேட்டிருக்கலாம். குரலை உயர்த்த வேண்டியதில்லை. கேட்டதைக் குறித்துக்கொள்ள ஒரு தாளும் பேனாவும் போதும்.

ஒரு நூலை மாநில அரசு பறிமுதல் செய்ய வழி தருவது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் இது 95ஆம் பிரிவு. அதன்படி அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும், அதில் காரணத்தையும் எழுத வேண்டும். காரணம் எழுதாத ஆணை செல்லாது என்று 1961இலேயே, ஹர்நாம் தாஸ் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முறையான அறிவிக்கை வந்துவிட்டால் நிலைமை வேறு. நாட்டில் எங்கே பிரதி கிடைத்தாலும் காவல்துறை எடுத்துக்கொள்ளலாம். அப்போது கடையில் நின்று வாதாடிப் பயனில்லை. அரசிதழில் வெளியான நாளிலிருந்து 2 மாதத்துக்குள், 99ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போக வேண்டும். மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு விசாரிக்கும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அது சென்னை உயர் நீதிமன்றம்தான். பலர் கோட்டை விடுவது இந்த 2 மாதக் கெடுவில். “பேசித் தீர்த்துக்கொள்ளலாம்” என்ற நம்பிக்கையிலேயே நாள் ஓடிவிடுகிறது.

ஆணையைக் கேட்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. சல்மான் ருஷ்டியின் ‘தி சாட்டானிக் வெர்சஸ்’ நாவலை நாட்டுக்குள் இறக்குமதி செய்யக் கூடாது என்று 1988 அக்டோபர் 5 தேதியிட்ட சுங்க அறிவிக்கை இருப்பதாக எல்லோரும் நம்பியிருந்தோம். ஒரு வாசகர் வழக்குப் போட்டு அந்தத் தாளைக் கேட்டார். எந்தத் துறையாலும் காட்ட முடியவில்லை. அப்படியோர் அறிவிக்கை இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது என்று 2024 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் முடித்தது. அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, “அமைதிக் கூட்டம்” என்று அழைத்து எழுதி வாங்குவது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் அப்படித்தான் எழுதி வாங்கினார்கள். அது யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூப்பிட்டால் போங்கள். கையெழுத்தை மட்டும் வழக்கறிஞரிடம் காட்டாமல் போடாதீர்கள்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியில் தணிக்கையே இல்லையா? பாரதி அங்கே போய் எழுதினாரே?
– மாணவி, முத்தியால்பேட்டை

பத்திரிகைச் சுதந்திரம் தந்த 1881 ஜூலை 29 தேதியிட்ட பிரெஞ்சுச் சட்டம் குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்தியது. அந்தத் துணிச்சலில்தான் 1908 அக்டோபரில் பாரதியின் ‘இந்தியா’ வார இதழ் அங்கிருந்து வரத் தொடங்கியது. ஆங்கிலேயரால் அச்சகத்தைத் தொட முடியவில்லை. தபாலைத் தொட்டார்கள். இதழ் தங்கள் எல்லைக்குள் வரத் தடை போட்டார்கள். சந்தாதாரர்களோ பெரும்பாலும் எல்லைக்கு அப்பால். 1910 மார்ச்சில் இதழ் நின்றது. பிறகு 1918 நவம்பர் 20 அன்று பாரதி புதுச்சேரியை விட்டு வந்ததும் கடலூர் அருகே கைது. டிசம்பர் 14 வரை கடலூர் சிறை. அச்சுக்குத் தடை, தபாலுக்குத் தடை, ஆளுக்குத் தடை என மூன்றும் வெவ்வேறு. இன்றைக்கு இணையத்தில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை.

ஒரு செய்தித் தளம் என் போனில் திறக்கவில்லை. முடக்கியிருக்கிறார்களா, சர்வர் படுத்துவிட்டதா?
– வாசகர், லாஸ்பேட்டை

முதலில் வீட்டு வைஃபையில் ஒருமுறை, வேறு கம்பெனி சிம்மில் ஒருமுறை பாருங்கள். எல்லாவற்றிலும், வெளிநாட்டில் இருக்கும் நண்பருக்கும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் சர்வர் கோளாறு. ஒன்றில் திறந்து ஒன்றில் மறுத்தால் சந்தேகப்படலாம்.

அடுத்தது டிஎன்எஸ். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டைரக்டரி அது. உங்கள் இணைய நிறுவனம் அந்த டைரக்டரியில் பொய் எண் கொடுத்தும் முடக்கலாம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், நெட்வொர்க், பிரைவேட் டிஎன்எஸ் போய் வேறு நிறுவனத்தின் டிஎன்எஸ் கொடுங்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: 8.8.8.8 என்று எண் போட்டால் ஏற்காது. ‘டிஎன்எஸ் டாட் கூகுள்’ என்ற பெயரை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். மாற்றியதும் தளம் திறந்தால் முடக்கம் டிஎன்எஸ்ஸில் இருந்தது.

அப்படியும் “கனெக்‌ஷன் ரீசெட்” என்று வந்தால் இன்னொரு வகை. உறையை ஒட்டினாலும் மேலே முகவரி தெரிகிறதல்லவா? பூட்டுக் குறி உள்ள தளத்துக்குப் போனாலும் இணைப்பின் தொடக்கத்தில் தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகப் போகும். அதைப் பார்த்து இணைப்பை வெட்டுவார்கள். டிஎன்எஸ் மாற்றுவது இதற்கு உதவாது. ஊனி ப்ரோப் என்ற இலவசச் செயலி இவற்றைத் தானே சோதித்துச் சொல்லும். பல நாடுகளின் முடக்கங்கள் அதில்தான் பதிவாகின்றன. ஆனால் முடிவுகள் உங்கள் நெட்வொர்க்கின் பெயரோடு பொதுவில் வெளியாகும் என்பதைத் தெரிந்துகொண்டு ஓட்டுங்கள்.

முடங்கியது உங்கள் சொந்தத் தளமா? தளங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவு, அதற்கான 2009 விதிகளின்படி, அவசர நிலை தவிர, பதில் சொல்லக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அதனால்தான் இந்தப் பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் விட்டுவைத்தது. தகவல் உரிமை மனு போட்டால் விதி 16இன் ரகசியத்தைக் காட்டி மறுப்பார்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி.

முகநூல் பதிவுக்காக ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி வாட்ஸ்ஆப்பில் செய்தி வந்திருக்கிறது. பதிவை அழித்துவிடவா?
– வாசகர், பண்ருட்டி

அழிக்காதீர்கள். ஆதாரத்தை அழித்தார் என்று அதையும் சேர்த்துவிடுவார்கள். ஸ்கிரீன்ஷாட், இணைப்பு முகவரி, தேதி, நேரம் எல்லாம் சேமியுங்கள். விசாரணைக்கு அழைக்கும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3) நோட்டீஸை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எழுத்தில், நேரில் தரச்சொல்லுங்கள். வந்தபின் போகாமல் இருக்காதீர்கள், கைதுக்கு அதுவே காரணமாகிவிடும்.

நோட்டீஸில் பிரிவு எண்ணைப் பாருங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ என்றிருந்தால் அது உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததால் 2015 மார்ச் 24 அன்றே செத்த பிரிவு. 2012இல் புதுச்சேரியில் ஒரு ட்வீட்டுக்காக ஒருவரைக் கைது செய்தது இதில்தான். இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறு (356) என்றால் நீதிமன்ற அனுமதியில்லாமல் காவல்துறை விசாரிக்க முடியாது. பகையைத் தூண்டுவது (196), பீதி கிளப்புவது (353) போன்றவை 3 ஆண்டுத் தண்டனைப் பிரிவுகள். பேச்சு, எழுத்து தொடர்பான இத்தகைய புகார்களில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(3)இன்படி 14 நாளில் முதற்கட்ட விசாரணை செய்துவிட்டு வழக்குப் பதிவதே பொருத்தம் என்று 2025 மார்ச் 28 அன்று, ஒரு கவிதை பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் கூறியது.

என் தம்பி துபாயில் இருக்கிறான். குடும்பக் குழுவில் அரசியல் போடலாமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

அங்கே ஆணையைக் கேட்டு நிற்கிற உத்தி பலிக்காது. ஐக்கிய அரபு அமீரகத்தின் இணையக் குற்றச் சட்டம், 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டம், கடுமையானது. இணைய முகவரியை மறைக்கும் விபிஎன் மூலம் குற்றம் செய்ததாக நிரூபித்தால் அபராதம் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் வரை. அரசியலுக்குத் தனிக் குழு தொடங்குங்கள், அதில் தம்பி வேண்டாம். குடும்பக் குழுவில் மறையும் செய்தி வசதியை 24 மணி நேரத்துக்கு வையுங்கள். படங்கள் தானாகச் சேமிப்பதை அவர் போனில் நிறுத்தச் சொல்லுங்கள்.