டயர் பட்டன் தேயவில்லை என்றால் போதுமா?

கேள்வி: டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். கேம்பிங் டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறோம். ஒற்றை ஆக்சில், 14 அங்குல டயர்கள். விற்றவர் "டயர் புதுசு மாதிரி இருக்கு, பட்டனே தேயலை" என்றார். மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் பிக் பெண்ட் தேசியப் பூங்கா வரை இழுத்துக்கொண்டு போக ஆசை. டயரை மாற்றத்தான் வேண்டுமா? மாற்றுவதென்றால், அதே அளவில் கார் டயர் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதைப் போடலாமா?

பதில்: கார் டயர் வேண்டாம். காரணத்தை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்கு அடியில் போங்கள்.

டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் ஒரு நீளமான குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள்தான் தயாரான தேதி. 3517 என்றிருந்தால் 2017-ம் ஆண்டின் 35-வது வாரம். வெளிப்பக்கத்தில் அந்த நான்கு இலக்கங்கள் இல்லையென்றால் உள்பக்கச் சுவரில் இருக்கும், அதனால்தான் அடியில் போகச் சொன்னேன். கேம்பிங் டிரெய்லரின் டயர் ஓடித் தேய்வதை விட, நின்று நின்று கெடுவதுதான் அதிகம். வருடத்தில் பெரும்பகுதி வெயிலில் நிற்கிறது. டெக்சாஸ் வெயிலில் ரப்பர் காய்ந்து உள்ளே பிடிப்பு விட்டுக்கொண்டிருக்கும், பட்டன் மட்டும் புதுசாகவே தெரியும். ஐந்தாறு வயது தாண்டிய டயரை, பார்க்க எப்படி இருந்தாலும், நான் நீண்ட பயணத்துக்கு நம்ப மாட்டேன். பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்பு தெரிந்தால் வயதைக்கூடப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

சரி, எதை வாங்குவது? டிரெய்லரின் இடப்பக்க வெளிச்சுவரில், முன்பாதியில், ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஆக்சில் எவ்வளவு தாங்கும், என்ன அளவு டயர், எவ்வளவு காற்று என்று எல்லாமே அதில் இருக்கும். உங்களுடையதைப் போன்ற ஒற்றை ஆக்சில் வண்டிகளில் 3,500 பவுண்டு ஆக்சில் மிகச் சாதாரணம். அதில் பெரும்பாலும் வருவது எஸ்.டி.205/75ஆர்14 என்ற டயர், லோடு ரேஞ்ச் (எடை தாங்கும் தரம்) சி. எஸ்.டி. என்றால் டிரெய்லருக்கென்றே செய்தது. 50 பி.எஸ்.ஐ. காற்றில் ஒரு டயர் 1,760 பவுண்டு தாங்கும். இரண்டுக்கும் சேர்த்து 3,520. ஆக்சிலின் வரம்பைக் கழித்தால் மிஞ்சுவது 20 பவுண்டு, அதாவது இந்தியக் கடையில் வாங்கும் ஒரு சோனா மசூரி அரிசிப் பை! அதுவும் எடை இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான். அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்க டயருக்கு இந்த 20-ம் கிடையாது.

அதே அளவில் லோடு ரேஞ்ச் டி கிடைக்கிறது. 65 பி.எஸ்.ஐ.யில் ஒரு டயருக்கு 2,040 பவுண்டு, இரண்டுக்கு 4,080. என் சிபாரிசு இதுதான். ஆனால் டயர் தாங்கும் என்பதற்காக வண்டியில் சாமானைக் கூட்டக்கூடாது, ஆக்சில் பழைய ஆக்சில்தான். ரிம்மும் 65 பி.எஸ்.ஐ. தாங்க வேண்டும். ரிம்மின் பின்பக்கம் எடை வரம்பு அச்சடித்திருக்கும், காற்றின் வரம்பு சிலவற்றில்தான் இருக்கும். தெரியாவிட்டால் கடைக்காரரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ரப்பர் வால்வையும் அப்போதே புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

இப்போது கார் டயருக்கு வருவோம். அந்த அளவில் வரும் கார் டயரில் 95 என்ற எடை எண் போட்டிருந்தால் 1,521 பவுண்டு தாங்கும். கார் டயரை டிரெய்லரில் மாட்டினால் அதை 1.1-ஆல் வகுக்க வேண்டும் என்பது விதி. ஆக 1,382. இரண்டு டயருக்கு 2,765 பவுண்டுதான். உங்கள் 3,500 எங்கே, இது எங்கே? அதன் பக்கச் சுவரும் மென்மையானது, வளைவில் டிரெய்லர் ஆட்டம் போடும்.

வேகத்தையும் சொல்லிவிட வேண்டும். மேற்கு டெக்சாஸில் ஐ-10, ஐ-20 நெடுஞ்சாலைகள் இரண்டிலும் சில பகுதிகளில் வேக வரம்பே 80 மைல். வேகக் குறியீடு எதுவும் இல்லாத எஸ்.டி. டயருக்கு 65 மைல்தான் வரம்பு. புதிய டயர்களில் எடை எண்ணை ஒட்டி ஓர் எழுத்து இருக்கும்: 'எல்' என்றால் 75, 'எம்' என்றால் 81, 'என்' என்றால் 87. 'என்' எழுத்துள்ள டயரை வாங்குங்கள், ஆனால் 65-லேயே ஓட்டுங்கள். டயரைக் கொல்வது சூடு. வேகம், அதிக எடை, குறைந்த காற்று மூன்றுமே சூட்டைத்தான் கூட்டுகின்றன. காலையில் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, முழு அளவு காற்று பிடியுங்கள். வழியில் சூடேறி அழுத்தம் கூடும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள்.

குட்இயர் எண்டூரன்ஸ், மேக்சிஸ், கார்லைல் என எந்த பிராண்டை வாங்கினாலும், ரிம்மில் ஏற்றும் முன் தேதியைப் பாருங்கள். கடையில் இரண்டு வருடம் கிடந்த டயருக்குப் புது விலை கொடுக்காதீர்கள். வேறு டயர் எடுத்து வரச் சொல்வது உங்கள் உரிமை.

கேள்வி: எங்களுடையது இரட்டை ஆக்சில் டிரெய்லர். போன மாதம் வலது பின் டயர் வெடித்தது. ஸ்டெப்னி போட்டு வீடு வந்துவிட்டோம். அந்த ஒன்றை மட்டும் வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. அது வெடித்த நேரத்திலிருந்து நீங்கள் வண்டியை ஓரம் கட்டும்வரை, அதே பக்கத்து முன் டயர்தான் இரண்டு டயரின் எடையையும் சுமந்திருக்கிறது. உள்ளே இழை அறுந்திருந்தால் வெளியே தெரியாது. வலப்பக்கம் இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும். இடப்பக்க டயர்களும் அதே வயதென்றால் நான்கையும் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள். ஓடாமல் தொங்கிக்கொண்டிருந்தாலும் அதற்கும் வயது ஏறியிருக்கும்.

புது டயர் மாட்டி முதல் 50 மைல் ஓடியதும் நிறுத்தி, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து நட்டுகளை மறுபடி இறுக்கிவிடுங்கள். கூடவே காற்றழுத்த சென்சார் ஒரு செட் வாங்கிவிடுங்கள். இழுக்கிற வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் டிரெய்லர் டயரில் காற்று இறங்குவது பெரும்பாலும் தெரியாது, இரட்டை ஆக்சிலில் சுத்தமாகத் தெரியாது. சென்சார் வால்வின் மேல் திருகுகிற வகையாக இருந்தால் ரப்பர் வால்வுக்குப் பதில் உலோக வால்வு போடச் சொல்லுங்கள். ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஐந்து சென்சாராக வாங்குங்கள்.